திருந்தடியைத் திருத்திய கதை

முதன்முதலாக மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தபோது என் கையில் ஒரு சிவப்புப் பேனாவும் தலைக்குள் ஏகப்பட்ட தன்னம்பிக்கையும் இருந்தன. தமிழ் இலக்கியம் படித்து முடித்த சூடு ஆறாத நேரம். சங்கப் பாடல்களின் தேர்ந்த தொகுப்பு ஒன்று அச்சுக்குப் போகவிருந்தது. புறநானூற்றில் 7-ஆம் பாடல், கருங்குழல் ஆதனார் கரிகாலனைப் பாடியது, "களிறு கடைஇய தாள், கழல் உரீஇய திருந்தடி" என்று தொடங்கும். படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. திருந்தடியா? அப்படி ஒரு சொல் உண்டா? 'திருவடி'யைத்தான் தட்டச்சு செய்தவர் தப்பாக அடித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். 'ந்த'வைச் சுழித்து, ஓரத்தில் அழகாக ஒரு 'வ' போட்டேன். ஒரு பெரிய பிழையைப் பிடித்துவிட்ட திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அந்தத் தாள் என் மேசைக்குத் திரும்பி வந்தது. நான் போட்ட 'வ' அடிக்கப்பட்டிருந்தது. அச்சான சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளிகள். மெய்ப்புப் பார்ப்பவர்களின் குறிகளில் அந்தப் புள்ளிவரிசைக்கு 'இருந்தது இருந்தபடியே இருக்கட்டும்' என்று பொருள். வைத்தவர், அங்கே எல்லோருக்கும் மூத்த புலவர் ஒருவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கரிகாலன் காலையே திருத்தப் பாத்துட்டீங்களே. பாவம், ஏற்கெனவே அது கருகின காலு."

கரிகாலன் என்ற பெயருக்கே நெருப்பில் கருகிய காலை உடையவன் என்று கதை சொல்வது மரபு. அப்படிப்பட்டவனுடைய காலைத்தான் புலவர் திருந்தடி என்கிறார். நானோ அதிலும் குறை கண்டிருக்கிறேன்.

"எதை வச்சு இது தப்புன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஓசையை வைத்துக்கூடப் பிடித்திருக்க முடியாது. திருந்தடி, திருவடி இரண்டுமே நிரை நிரை, இரண்டுமே கருவிளம். ஒன்றை எடுத்து மற்றதை வைத்தால் யாப்பு அசையாது. 'திருவடி' எனக்குப் பழகிய சொல், 'திருந்தடி' பழகாத சொல். காரணம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிடித்தது. திருந்து, திருத்து என்ற இந்த இரட்டையை எங்கே பார்த்தாலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். என் தொழிலே அந்த வினைச்சொல்தான் என்பதும் ஒரு காரணம்.

'திருத்து' என்றதும் இன்று நம் மனம் முதலில் தேடுவது தவறை. பிழை திருத்தம், மெய்ப்புத் திருத்தம், "அவனைத் திருத்தவே முடியாது". எங்கோ ஏதோ கோணலாகியிருக்க வேண்டும், யாரோ வந்து நிமிர்த்த வேண்டும். ஆனால் சங்கப் பாடல்களில் இந்தச் சொல்லைத் தேடிப் போனால் தவறைக் காண்பது அரிது. திருந்திழை என்கிறார்கள், நன்றாகச் செய்த நகை, அதை அணிந்த பெண்ணுக்கும் அதுவே பெயர். திருந்தடி என்கிறார்கள், வடிவமைந்த கால். அந்த நகை முதலில் கோணலாக இருந்து பிறகு சரியானது என்று யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்து, சொரசொரப்பெல்லாம் போய், இனிக் கைவைக்க ஒன்றுமில்லை என்று பொற்கொல்லர் கீழே வைக்கிறாரே, அந்த நிலைதான் திருந்துதல்.

இதில் இலக்கணம் ஒரு வேடிக்கை செய்கிறது. திருந்தடி என்பது வினைத்தொகை. 'காலம் கரந்த பெயரெச்சம்' என்று நன்னூல் சொல்லுமே, அது. திருந்திய அடி, திருந்துகின்ற அடி, திருந்தும் அடி என மூன்று காலத்துக்கும் விரித்துக்கொள்ளலாம். 'திருந்திய கால்' என்று இறந்த காலத்தில் மட்டும் சொன்னால், அப்படியானால் முன்பு எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றும். வினைத்தொகையில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. 'முன்பு' என்று ஒன்றை அது காட்டுவதே இல்லை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி காலத்தை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறது.

அகராதியை எடுத்தால் இந்தப் பழைய பொருள் பத்திரமாகவே இருக்கிறது. சீர்ப்படுதலுக்குப் பக்கத்திலேயே அழகு பெறுதலும் உண்டு. நாம்தான் முதலாவதைப் பார்த்ததும் அகராதியை மூடிவிடுகிறோம்.

பக்கத்து மொழிகளைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். மலையாளத்தில் திருந்துக, திருத்துக என்று நம்மைப் போலவே இரண்டும் உண்டு. கன்னடத்தில் பழைய வடிவம் 'திர்து', இன்றைக்கு 'தித்து'. தெலுங்கிலும் தித்துதான். (தமிழ் எழுத்தில் காட்ட முடியவில்லை. இரண்டு மொழியிலும் அந்தத் 'த்து', 'பந்து' என்ற சொல்லில் வரும் 'து' போல ஒலிக்கும். தெலுங்கில் முதல் எழுத்தையும் அப்படித்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.) திருந்து எப்படித் தித்து ஆகும் என்று தோன்றினால் மருந்தைப் பாருங்கள். நம் மருந்து கன்னடத்தில் 'மத்து'. நம் 'இருந்து' பழங்கன்னடத்தில் 'இர்து', இப்போது 'இத்து'. ரகரம் பக்கத்து எழுத்தோடு கரைந்து இரட்டித்துவிடுகிறது. தனியாக ஒரு சொல்லுக்கு நேர்ந்த விபத்து என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு கூட்டமே அந்த வழியில் போயிருக்கிறது. இந்த மாதிரி ஒழுங்கைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி வரும். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தூரத்துச் சொந்தம் என்று தெரிய வந்தது போல.

தெலுங்கின் தித்துவில் எனக்குப் பிடித்தது வேறு. நெற்றியில் பொட்டு வைப்பதற்கு அங்கே அந்த வினையைப் பயன்படுத்துகிறார்கள். பொட்டு தித்துவது, கண்மை தித்துவது. முகத்தில் பிழை இருந்து அதைக் களைவதற்காக யாரும் பொட்டு வைப்பதில்லையே! அப்புறம் எழுத்துப் பழகும் குழந்தை. ஆசிரியர் பலகையில் எழுதிக் கொடுத்த எழுத்தின் மேலேயே குழந்தை திரும்பத் திரும்ப எழுதிப் பழகும் அல்லவா, அதற்கும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தித்துவதுதான். அந்தக் குழந்தை இன்னும் தவறு செய்யவே தொடங்கவில்லை. அதற்குள் திருத்தத் தொடங்கிவிட்டது. மேலே மேலே எழுத எழுதக் கோடு தடித்து, வடிவம் கைக்குள் இறங்குகிறது.

தெலுங்கில்தான் 1910-ல் குரஜாடா அப்பாராவ் எழுதிய கதைக்கு 'தித்துபாட்டு' என்று பெயர். தெலுங்கின் முதல் நவீனச் சிறுகதை என்று பரவலாகக் கொண்டாடப்படுவது. வழி தவறிப்போகும் கணவனை மனைவி திருத்துவதுதான் கதை. ஒரு மொழியின் சிறுகதை 'திருத்தம்' என்ற தலைப்போடு பிறந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சீர்திருத்த வேகத்தை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான்.

சரி, வேர் எது? இங்கேதான் எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. திரு என்றால் அழகு, செல்வம். திருக்கோவையார் உரையில், பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரைகாரர் திருவுக்குக் 'கண்டாரால் விரும்பப்படும் தன்மை' என்று சொன்ன விளக்கம் புகழ்பெற்றது. அப்படியானால் திருந்துதல் என்பது திரு உடையதாக ஆகுதல் என்று சொல்லிவிடலாமே. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இன்னொரு பக்கம் திரி, திருகு, திரும்பு என்று ஒரு குடும்பம் நிற்கிறது. வளைந்ததைத் திருப்பி நேராக்குவது திருத்துதல் என்று அதனோடும் ஒட்டலாம். ஆனால் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் (முதல் பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) திருந்து தன் கன்னட, தெலுங்கு உறவுகளோடு தனி வீட்டில் குடியிருக்கிறது. திரி, திரும்பு எல்லாம் வேறு வீடு. ஒரே ஓசையில் தொடங்குகின்றன என்பதற்காகச் சொந்தம் கொண்டாட முடியாது. பள்ளிக்கூடத்தில் திருத்தக்க தேவர் என்ற பெயரை நான் 'திருத்தத்தக்க தேவர்' என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சீவக சிந்தாமணி எழுதிய மனிதரிடம் அப்படி என்ன குறை கண்டார்கள் என்று பரிதாபப்பட்டும் இருக்கிறேன். அது திரு + தக்க. ஓசையை நம்பினால் இப்படித்தான்.

வேர் கிடக்கட்டும். அந்தப் பழைய பொருள் செத்துப்போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. தெருவில் நடந்தால் பெயர்ப்பலகையில் தொங்குகிறது: முடி திருத்தும் நிலையம். நம் முடியில் என்ன பிழை? வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வளர்வது பிழை என்றால் நாம் எல்லோரும் மாதம் ஒருமுறை பிழை செய்கிறோம். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, எழும்போது இருக்கும் நிலை இருக்கிறதே, அதுதான் சங்கப் புலவர் சொன்ன திருந்துதல். அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறார்கள். "கண்ணும் மூக்கும் திருத்தமா இருக்கு" என்று பெண்பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள். 'திருத்தமான உச்சரிப்பு' என்று வானொலி அறிவிப்பாளரைப் பாராட்டுகிறோம். யாரோ பிழை திருத்திய உச்சரிப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. புலவர்கள் கைவிட்டதை முடிதிருத்துபவர்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் ஒருமுறை சொன்னபோது எங்கள் மூத்த புலவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கோபமா ரசித்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொரு இடம் அடுப்பங்கரை. வைணவக் குடும்பங்களில் காய் நறுக்குவது என்று சொல்ல மாட்டார்கள். காய் திருத்துவது என்பார்கள். பெருமாளுக்குப் படைக்கப் போகும் பொருளை வெட்டுவது, நறுக்குவது என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. கறி கறியமுது ஆகிறது, ரசம் சாற்றமுது ஆகிறது, நறுக்குதல் திருத்துதல் ஆகிறது. காம்பைக் கிள்ளி, தோலைச் சீவி, சொத்தையைத் தள்ளி, படைக்கத் தக்கதாக ஆக்குவது. இதே வினையைத்தான் நம்மாழ்வாரும் திருவாய்மொழியில் எடுத்தாள்கிறார். "தீர்ந்த அடியவர் தம்மைத் திருத்திப் பணிகொள்ள வல்ல" அச்சுதன் என்கிறார் (3.5.11). திருத்திப் பணிகொள்ளுதல் என்பது வைணவப் பேச்சில் ஒரு தனித் தொடராகவே நிலைத்துவிட்டது. அடியாரைக் கடவுள் செய்வதும் கத்திரிக்காயை அடுப்பங்கரையில் செய்வதும் ஒரே வினை என்றால் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. பயன்படாததை நீக்கி, பயன்படுவதை வடிவாக்கி, படையலுக்குக் கொண்டுபோய் வைப்பது. அடியவர்கள் என்று சொன்ன பிறகுதான் 'திருத்தி' வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் குற்றவாளிகள் அல்லர், ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்கள்.

லத்தீன் வழி வந்த சொற்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. நாம் அன்றாடம் பேசும் 'கரெக்ட்' என்ற சொல்லின் அடியில் நேராக்குதல் இருக்கிறது. 'ரிப்பேர்' என்பதன் அடியில் மறுபடி ஆயத்தம் செய்தல். சட்டத்தை 'அமெண்ட்' செய்கிறார்களே, அதன் லத்தீன் மூலத்துக்குள் 'குற்றம்' என்ற சொல்லே உட்கார்ந்திருக்கிறது. குற்றத்தை வெளியே எடுத்தல் என்பது நேர்ப்பொருள். திருத்துவுக்குள் அப்படிக் குற்றம் எதுவும் பொதிந்து வைக்கவில்லை. பிழையைத் திருத்த வேண்டுமானால் 'பிழை' என்று நாமே தனியாகச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலக்கணப் பக்கம் இன்னும் ஒரு சங்கதி. திருந்து என்பது தன்வினை, தானாக நடப்பது. திருத்து என்பது பிறவினை, இன்னொருவர் செய்வது. நடுவில் இருக்கும் மெல்லெழுத்து வல்லெழுத்தானால் போதும், வேலை கைமாறிவிடுகிறது. வருந்து, வருத்து. பொருந்து, பொருத்து. அடங்கு, அடக்கு. ஒதுங்கு, ஒதுக்கு. திரும்பு, திருப்பு. தமிழில் இப்படி ஒரு பெரிய அணிவகுப்பே உண்டு. தானாக நடக்கும்போது மூக்கு வழியாக மெல்ல வருகிறது. அடுத்தவர் கைவைத்தால் ஓசை இறுகிவிடுகிறது. இதில் தத்துவம் எதுவும் இல்லை, வெறும் ஒலியியல். ஆனால் ஒருவனை அடக்குவதற்கும் அவன் அடங்குவதற்கும் நடுவே இருக்கிற தூரம் வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

மனிதர்களைப் பொறுத்தவரை நாம் பெரும்பாலும் திருந்துவையே பயன்படுத்துகிறோம். "அவன் திருந்திட்டான்" என்போம். "அவன் திருத்தப்பட்டான்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சட்டம் திருத்தப்படும், பட்டியல் திருத்தப்படும், மனிதன் திருந்துவான். 'திருந்தாத ஜென்மம்' என்ற வசவிலும் பழி முழுக்க அந்த ஜென்மத்தின் தலையில்தான் விழுகிறது. திருத்தப் பாடுபட்டவர்களுக்கு விடுதலை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று பழமொழி வேறு துணைக்கு வந்துவிடும்.

தமிழ் விவிலியத்தில் இதற்குப் பக்கத்துச் சொல் ஒன்று வேலை செய்கிறது. அங்கே 'திருந்துங்கள்' என்று வராமல் 'மனந்திரும்புங்கள்' என்று வருகிறது. எபிரேய மொழியில் பாவத்தை விட்டு வருவதைக் குறிக்கும் சொல்லுக்கே திரும்புதல் என்றுதான் பொருள். மொழிபெயர்த்தவர்கள் அதன் நடையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். திருந்துபவன் இருந்த இடத்திலேயே வடிவம் பெறுகிறான். திரும்புபவன் போன வழியை விட்டுவிட்டு வருகிறான். இரண்டு எழுத்து மாறியதில் ஒரு முழுப் பயணம் சேர்ந்துகொள்கிறது.

பொருள்களைத் திருத்துவது என்றால் தமிழ்நாட்டில் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். கடிகாரத்தை நாம் ரிப்பேர் செய்கிறோம், எழுத்தில் பழுது பார்க்கிறோம். என் ஈழத்து நண்பர் ஒருவர் முதல் அறிமுகத்தில், "மணிக்கூட்டைத் திருத்தக் குடுத்திட்டன், அதுதான் பிந்திட்டுது" என்றார். கடிகாரத்துக்கு யார் புத்தி சொல்லி எப்படித் திருத்துவார்கள் என்று எனக்குள் ஒரு படம் ஓடியது. இலங்கைத் தமிழில் சைக்கிளைத் திருத்துவார்கள், வானொலியைத் திருத்துவார்கள், வீதியில் திருத்த வேலை நடக்கும். நாம் ஆங்கிலச் சொல்லுக்குக் கைமாற்றிவிட்ட இடத்தை அவர்கள் தங்கள் சொல்லுக்கே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நம் 'பழுது பார்'தான் விசித்திரமானது. பழுதைப் பார்த்தால் போதுமா, சரி செய்ய வேண்டாமா? ஆனால் தமிழில் 'பார்' என்ற சொல்லுக்குக் கை உண்டு. வைத்தியம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் வெறும் கண்ணால் நடப்பவை அல்ல. நானும் மெய்ப்புப் 'பார்க்கிறேன்' என்றுதான் இந்தக் கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறேன்.

விடைத்தாள் திருத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிந்ததும் செய்தித்தாளில் 'விடைத்தாள் திருத்தும் பணி தொடங்கியது' என்று வரும். உண்மையில் அங்கே யாரும் எதையும் திருத்துவதில்லை. மதிப்பெண் போடுகிறார்கள். தவறான விடை தவறாகவே மூட்டைக்குள் போகிறது.

சட்டம் வேறு கதை. நம் அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1951-ல், முதல் திருத்தம் வந்துவிட்டது. சாதி, மத வாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்ற தீர்ப்புக்குப் பிறகு, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது அந்தத் திருத்தத்தில்தான். 2023-ல் வந்த மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தம் 106-ஆவது. இதையெல்லாம் பிழைதிருத்தம் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். அத்தனை பிழையோடா எழுதினார்கள்? வளர வளர முடி திருத்துவது போல என்று எடுத்துக்கொண்டால் சற்று ஆறுதலாக இருக்கிறது. சில திருத்தங்கள் முடியோடு காதையும் சேர்த்து வெட்டின என்பது வேறு விஷயம். 1976-ல் வந்த 42-ஆவது திருத்தத்தில் பலவற்றை 1978-ல் 44-ஆவது திருத்தம் வந்து மாற்ற வேண்டியிருந்தது. திருத்தத்துக்கே திருத்தம்.

மார்க்சியர்களிடம் போனால் சொல் அப்படியே தலைகீழாகிவிடும். 'திருத்தல்வாதம்' என்பது அங்கே வசவு. 1890-களில் ஜெர்மானிய சோசலிஸ்டான பெர்ன்ஸ்டைன் மார்க்ஸை மாற்றிச் சொல்லத் தொடங்கியதிலிருந்து வந்த சொல்லின் தமிழாக்கம். மலையாளத்திலும் அதே சொல்தான். திருத்தல்வாதி என்று ஒருவரைக் கூட்டத்தில் சொல்லிவிட்டால், நான் கேள்விப்பட்ட வரையில், அவர் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்.

'சீர்திருத்தம்' என்று சீரைச் சேர்த்தால் மதிப்பு மறுபடி உயர்ந்துவிடுகிறது. நிலச் சீர்திருத்தம், சமூகச் சீர்திருத்தம். இதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சட்டப் பிரிவு. சடங்கும் புரோகிதரும் இல்லாத திருமணங்களை ஏற்பதற்காகத் தமிழ்நாடு 1967-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பிரிவுக்குள்ளேயே 'சுயமரியாதை', 'சீர்திருத்த' என்ற தமிழ்ச் சொற்கள் மொழிபெயர்க்காமல் ரோமன் எழுத்தில் நிற்கின்றன. சீர்திருத்தத் திருமணத்துக்காக ஒரு திருத்தச் சட்டம். ஒரே வினைச்சொல் இரண்டு மொழியில் இரண்டு வேடத்தில்.

எழுத்துச் சீர்திருத்தமும் அப்படித்தான். பாட்டியின் கடிதங்களில் 'லை' துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 'னை'யும் 'ணை'யும்கூட. 'றா', 'னா', 'ணா' மூன்றும் கால் தனியாக இல்லாமல் உடம்போடு சுருண்டு வரும். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978-ல் 13 எழுத்துகளுக்கு அந்த மாற்றத்தை ஏற்றது. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் ஆக்க வேண்டும் என்ற அவருடைய யோசனையை ஏற்கவில்லை. பழைய துதிக்கை லை தவறா? என்னால் அப்படிச் சொல்ல முடியாது. பாட்டி தவறாக எழுதவில்லை. 'கை'க்கு ஒரு வடிவம், 'லை'க்கு வேறு வடிவம் என்று இருந்ததை ஒரே சீராக்கினார்கள். அச்சுக் கோப்பவருக்கும் கற்கும் குழந்தைக்கும் சுமை குறைந்தது. அழகில் ஒரு பங்கு போனது என்றும் எனக்குத் தோன்றும், ஆனால் அந்த எழுத்துகளை அச்சுக் கோக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்ததில்லை.

அதற்கும் முன்னால் போனால் ஓலைச்சுவடி. அங்கே மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஓலை கிழிந்துவிடும் என்பார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஒவ்வொரு எழுத்தையும் இதுவா அதுவா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சுவடிக்குச் சுவடி வேறுபட்ட இடங்களைப் பாடபேதம் என்று குறித்து வைத்தார். தனக்குப் புரியாததைப் பிழை என்று அடித்துவிட்டுப் புரிந்ததை எழுதியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். கரிகாலனுக்கும் எப்போதோ திருவடி கிடைத்திருக்கும்.

விக்கிப்பீடியாவில் ஒரு சின்ன வேறுபாட்டைக் கவனித்தேன். கட்டுரையை மாற்றுவதற்கான பொத்தானில் மலையாளத்தில் 'திருத்துக' என்று இருக்கிறது. தமிழில் 'தொகு' என்று இருக்கிறது. தொகை நூல்கள் பிறந்த மொழிக்குப் பொருத்தமான சொல்தான். ஆனாலும் அந்தப் பொத்தானை அழுத்திப் பெரும்பாலானவர்கள் செய்வதைப் பார்த்தால் மலையாளம்தான் உண்மையைச் சொல்கிறது.

அந்தச் சங்கப் பாடல் தொகுப்பு கடைசியில் வெளிவந்தது. திருந்தடி திருந்தடியாகவே இருந்தது. ஆனாலும் அச்சான பிறகு பதினொரு பிழைகள் கண்ணில் பட்டன, அவற்றில் எட்டு என் கையைக் கடந்து போனவை. அந்தக் கால வழக்கப்படி கடைசிப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு துண்டுத் தாள் அச்சிட்டோம். இடப்பக்கம் 'பிழை', வலப்பக்கம் 'திருத்தம்'. பதினொரு வரியையும் நான்கு முறை படித்தேன். எழுத்தெழுத்தாகப் படித்தேன். பின்னோக்கியும் படித்தேன். இந்தத் தடவை யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று தெரிந்த பிறகுதான் அனுப்பினேன்.

ஒட்டிய புத்தகங்கள் வந்தன. புலவர் ஒரு பிரதியைக் கையில் எடுத்தார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், கண்ணாடியை இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் என் பக்கம் நீட்டினார். பதினொரு வரியும் சுத்தம். மேலே, பெரிய எழுத்தில், வலப்பக்கத் தலைப்பில் கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. 'திருத்தம' என்று இருந்தது. தலைப்பை நான் படிக்கவே இல்லை.

"இத்தனையையும் கிழிச்சுட்டு மறுபடி அடிக்கலாமா ஐயா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"விடுங்க தம்பி," என்றார். "சுவடியில இப்படித்தான் இருக்கும்."